கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

என் மகன் குவைத்திலிருந்து திரும்பி வந்தபோது எனக்கு ஒரு போர்வையும், அவன் பெண்டாட்டிக்கு ஒரு சென்ட் பாட்டிலும், அவனுக்கென்று ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் கொண்டுவந்தான். கம்ப்யூட்டர் என்றால் ஆபீஸ் மேசையில் இருக்குமே, அது இல்லை. காரில் மாட்டுவது. வெற்றிலைத் தட்டு அளவுக்கு ஒரு கண்ணாடித் திரை, அதன் பின்னால் சோப்புப் பெட்டி போல ஒரு டப்பா. திரையை விரலால் தொட்டால் பாட்டு வரும், வழி வரும், எந்த முனையில் திரும்ப வேண்டும் என்று அம்புக்குறி காட்டும். அங்கே ஒரு வீட்டில் டிரைவராக இருந்தான். அந்த வீட்டுக்காரர்கள் பழைய வண்டியைத் தள்ளிவிடும்போது இதைக் கழற்றி இவனுக்குக் கொடுத்தார்களாம்.

எங்கள் ஆட்கள் சாந்திபுரம் பக்கம். அங்கே எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் கடலை பிடுங்கிய கையோடுதான் காணிப்பாக்கம் வந்தேன். கோயில் தெருவில் தேங்காயும் அருகம்புல் மாலையும் விற்றேன். புருஷன் இருந்தபோதும் விற்றேன், அவர் போன பிறகும் விற்றேன். விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடுகிறவர்களை நான் இரண்டாம் முறை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அது ஒரு காலம். ஆண்பிள்ளைகள் பெங்களூருக்கு ரயிலேறினார்கள், பிறகு விமானமேறினார்கள். எங்கள் தெருவில் பாஸ்போர்ட் இல்லாத வீடு எது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தடா பக்கம் ஸ்ரீ சிட்டி என்று ஒன்று வந்து, தொழிற்சாலைகள் வந்து, பெண்பிள்ளைகளும் போக ஆரம்பித்தார்கள்.

மகன் ஊரோடு இருந்துவிடுகிறேன் என்று சொல்லிப் பழைய வண்டி ஒன்று வாங்கினான். ஏழு பேர் உட்காரலாம். சித்தூரில் ஏற்றி, காணிப்பாக்கம் காட்டி, திருப்பதியில் இறக்கிவிடுவது அவன் வேலை. அந்தக் கம்ப்யூட்டரை வண்டியின் முன்பலகையில் அவனே பொருத்தினான். அதற்கு ஒரு குணம் உண்டு. சாவி போட்டால் வண்டி எழுந்துகொள்ளும், அது எழுந்துகொள்ளாது. திரையின் ஓரத்தில் அரிசி அளவுக்கு ஒரு பட்டன். அதை ஒரு தட்டு தட்டி விரலை எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் வரும். மகன் விரல் நுனியால் தட்டமாட்டான். விரலை மடக்கி, கதவைத் தட்டுகிற மாதிரி முட்டியால் தட்டுவான். அணைக்க வேண்டுமென்றால் அதே பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பான். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும்.

மருமகளுக்கும் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். ஏரி வற்றிக் கிடந்த கோடையில், ஏரிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். தெருவே கரையில் நின்று சிரித்தது. அவள் லைசென்ஸும் எடுத்தாள்.

பிறகு மகனுக்குக் காய்ச்சல் வந்தது. சித்தூரில் பார்த்தோம், திருப்பதியில் பார்த்தோம். திருப்பதியில் போய்விட்டான். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அழுகை வரும் வரும் என்று எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. அடுப்பிலிருந்த சோற்றுப் பானையைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்கி வைத்திருக்கிறேன். மருமகள் ஓடிவந்து கையைத் தண்ணீரில் முக்கியபோதுதான் அது சுடுகிற பொருள் என்று எனக்கு ஞாபகம் வந்தது.

காரியம் முடிந்தபின் மருமகளின் அண்ணன் வந்தான். கெட்டவன் இல்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

“அத்தே, வண்டி சும்மா நின்னுக்கினு இருந்தா துருதான் புடிக்கும். ஒரு ஆள் பாத்து வெச்சிக்கிறேன். வர்ற வெள்ளிக்கெழம கூட்டிக்கினு வரேன். வித்துட்டு உங்க பங்க நீங்க எடுத்துக்கோங்க. தங்கச்சி எங்க வூட்லயே வந்து இருக்கட்டும்.”

நான் அவனுக்குக் காபி கொண்டுவந்து வைத்தேன். அவன் காபி குடித்துவிட்டுப் போனான். அவன் பைக் சத்தம் அடங்கிய பிறகு மருமகள் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தாள்.

“அத்தே, அங்க போனா அண்ணி புள்ளைங்களுக்குச் சட்ட தொவைச்சிக்கினே நான் கெழவி ஆயிடுவேன்.”

“இங்க மட்டும் என்னாவப் போற?”

“இங்க எனக்கு ஓட்டத் தெரிஞ்ச வண்டி ஒண்ணு நிக்குதே.”

அப்போதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். திருப்பதியில் ஒரு டிராவல்ஸ் கம்பெனிக்காரர்கள், ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைக்குப் பெண்களை ஷிப்டுக்கு ஏற்றி இறக்குகிறார்கள். பெண்களுக்குப் பெண் டிரைவர் என்றால் உடனே வேலை. வண்டியோடு வந்தால் இன்னும் நல்லது. இவள் எனக்குத் தெரியாமல் பஸ் பிடித்துப் போய் விசாரித்திருக்கிறாள். ஒரே ஒரு தடை. வண்டி எங்கே போகிறது என்று அவர்கள் ஆபீசிலிருந்தே பார்ப்பதற்கு வண்டியில் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் இருக்கிறது. ஆனால் அது பட்டன் தட்டினால்தான் வரும். சில டிரைவர்கள் அதை அணைத்துவிட்டுக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சொந்த சவாரி அடித்தார்களாம். அதனால், சாவி போட்டால் டிரைவர் கைபடாமல் தானாக வருகிற கம்ப்யூட்டர் இருந்தால்தான் வண்டியை எடுப்போம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். வியாழக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை அண்ணன் ஆளோடு வருவான்.

“தானா வர்ற மாதிரி பண்ண முடியுமா?” என்று கேட்டேன்.

“கேட்டாத்தான தெரியும்? நீங்களும் வாங்க அத்தே. நான் மட்டும் போய் நின்னா எவனும் மதிக்கமாட்டான்.”

என்னை மதிப்பார்கள் என்று அவள் நினைத்தது எனக்குச் சரியாகவே பட்டது. நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன்.

மகன் போன பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் வண்டி கிளம்பியது. மருமகள் பூதலப்பட்டு வரைக்கும் சாலையையே பார்த்து ஓட்டினாள். திரை கறுப்பாகவே இருந்தது. அவள் அதைத் தட்டவில்லை, நான் தட்டச் சொல்லவும் இல்லை. அதில் எங்கள் இரண்டு பேர் முகமும் பாதி பாதி தெரிந்தது.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டிகளுக்கு சீட் கவர் போடுகிற, ஸ்பீக்கர் மாட்டுகிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. கடைகளின் தலைக்கு மேலே மலை தெரியும். அந்த மலையைப் பார்த்தால் எப்போதும் கை தானாக மேலே போகும். அன்றைக்குப் போகவில்லை. மூன்று கடைக்காரர்கள் முடியாது என்று சொன்னார்கள், புதிது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். நாலாவது கடைக்காரர் மட்டும் எழுந்து வந்து பார்த்தார். தெலுங்குக்காரர். எங்களுக்காகத் தமிழில் பேசினார்.

“சாவி போட்டா தானா வரணும், அந்தே கதா?”

“அந்தே” என்றாள் மருமகள். அவ்வளவுதான் என்று அர்த்தம்.

“பழைய சாமான்மா இது. தெறந்தா சாவும், சாவாமலும் இருக்கும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.”

மருமகள் என்னைப் பார்த்தாள்.

“தொறங்க” என்றேன். “சாவுறதுன்னா சாவட்டும்.”

அவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்த மாதிரி இருந்தது.

திரையை நெம்பிக் கழற்றினார். எனக்கு அதற்குள் என்ன இருக்கும் என்று ஒரு எண்ணம் இருந்தது போலிருக்கிறது. என்ன எண்ணம் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. உள்ளே ஒயர்கள்தான் இருந்தன, கொஞ்சம் தூசியும் இருந்தது. பட்டனுக்குப் பின்னால் இரண்டு சன்னமான ஒயர். சாவி போட்டால் மின்சாரம் வருகிற ஒயர் வேறொன்று. சாவி போட்டதும் பட்டன் ஒயர் இரண்டும் சேர்ந்துகொள்கிற மாதிரி ஏதோ செய்தார். “போடுமா” என்றார். மருமகள் சாவியைத் திருப்பினாள்.

வெளிச்சம் வந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அணைந்துவிட்டது. மறுபடி போட்டாள். மறுபடி வந்தது, அணைந்தது.

அவர் தலையைச் சொறிந்தார். டீ சொன்னார். எனக்கு வந்த டீயைக் குடித்து முடித்தேன். சர்க்கரையே போடவில்லை என்று மருமகள் முகம் சுளித்தாள். எனக்கு அது தெரியவில்லை.

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மருமகள் சொன்னாள்: “அவுரு அணைக்கறப்போ இப்படித்தான். வெரல எடுக்காம அழுத்திப் புடிச்சிக்கினே இருப்பாரு. தட்டிட்டு வுட்டாத்தான் நிக்கும்.”

“ஆ! அதே, அதே” என்றார் கடைக்காரர். “நான் சேத்த ஒயரு பட்டனைப் புடிச்சுக்கினே இருக்குது. புடிச்சா அணைஞ்சுடும். தட்டிட்டு விடணும். சரி, அதுக்கு ஒண்ணு இருக்குது.”

உள்ளே போய்ப் புளியங்கொட்டை அளவுக்கு ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்துப் பற்றவைத்தார். சாவி போட்டதும் அது ஒரு தட்டு தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுமாம். சாவி போட்டுக் காட்டினார். வெளிச்சம் வந்தது, நின்றது. அம்புக்குறி வந்தது. யாருடைய கையும் அதன் பக்கத்தில் இல்லை. நான் ஒரு கணம் கையைத் தேடினேன்.

“பட்டன் இருக்கட்டுமா, பிடுங்கிடட்டுமா?”

“இருக்கட்டும்” என்றாள் மருமகள்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவினோம். மறுநாள் காட்டப் போகிற வண்டி, ஒரு பூஜை போடாமல் எப்படி எடுப்பது? அங்கேதான் ஒரு சிக்கல். எங்கள் வீட்டில் இப்போது பொட்டு வைக்கத் தகுந்த நெற்றி ஒன்றும் இல்லை. நானும் இல்லை, அவளும் இல்லை. தாலி இருக்கிற கைதான் வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைக்கலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பக்கத்து வீட்டுப் பூக்காரியைக் கூப்பிட்டேன். அவளுக்கு வாயும் பெரிது, கையும் தாராளம்.

“தள்ளிக்க அக்கா, நான் பாத்துக்கறேன்” என்று சந்தனத்தைக் குழைத்தாள். சக்கரத்துக்கு வைத்தாள், பானட்டுக்கு வைத்தாள், கண்ணாடிக்கு வைத்தாள், ஸ்டியரிங்குக்கு வைத்தாள். “இது என்னா புதுசா, டிவியா?” என்று கேட்டுக்கொண்டே திரையின் ஓரத்திலும் கெட்டியாக ஒரு சந்தனப்பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமத்தை அழுத்தினாள். “பாரு, கல்யாணப் பொண்ணு கணக்கா ஆக்கிட்டேன். இதை வேணாம்னு சொல்றவன் கண்ணு குருடுதான்.”

மருமகள் வாசற்படியில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழத்தை மட்டும் அவள்தான் வண்டி ஏற்றி நசுக்கினாள்.

வியாழக்கிழமை காலையில் ரேணிகுண்டா சாலையில் டிராவல்ஸ்காரர்களின் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தெரிந்த வழி என்பதால் வரும்போது திரையை இருவருமே கவனிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இன்னும் சில வண்டிகள் நின்றன. எல்லாம் ஆம்பிளைகள். ஒருவன் மருமகளைப் பார்த்து, “டிரைவர் எங்கம்மா, டீ குடிக்கப் போயிட்டாரா?” என்றான். “நான்தான்” என்றாள். “அப்ப பின்னாடி யாரு, கண்டக்டரா?” என்று என்னைக் காட்டினான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

சூப்பர்வைசர் சின்ன வயதுக்காரன். தெலுங்கில்தான் பேசினான், நான் தமிழில் சொல்கிறேன். டயரைப் பார்த்தான், பிரேக்கைப் பார்த்தான், லைசென்ஸைப் பார்த்தான். பிறகு மருமகளை இறங்கச் சொல்லிவிட்டு அவனே உட்கார்ந்து சாவியைப் போட்டான்.

வெளிச்சம் வந்தது. அவன் தலையாட்டினான். அணைந்தது. மறுபடி போட்டான். வந்தது, அணைந்தது.

“இல்லம்மா. வேற எங்கியோ சுவிட்சு மறைச்சு வெச்சிருக்கீங்க. இந்த வேலையெல்லாம் நிறையப் பாத்தாச்சு. வண்டிய எடுங்க, பின்னாடி ஆளு நிக்குது.”

“சார், சத்தியமா இல்ல சார். செவ்வாக்கெழமதான் சரி பண்ணினது.”

“காணிப்பாக்கத்துல இருந்துதான வர்றீங்க? அங்க போய் சத்தியம் பண்ணுங்க” என்றான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாரும் துணியமாட்டார்கள், அதைச் சொல்லிக் குத்துகிறான்.

அவன் இறங்கிவிட்டான். மருமகள் ஏறி உட்கார்ந்தாள். கிளம்பியிருக்கலாம். கிளம்பினால் நாளைக்கு அண்ணன் வருவான், அவ்வளவுதான். அவள் சாவியில் கையை வைத்துக்கொண்டு திரையையே பார்த்தாள். பிறகு குனிந்தாள்.

“அத்தே. பட்டன் உள்ளாரவே நிக்குது.”

பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். பூக்காரி வைத்த பொட்டு பட்டன் மேலேயே உட்கார்ந்திருந்தது. ராத்திரியெல்லாம் காய்ந்து கல்லாகிவிட்டது. அவள் அழுத்திய அழுத்தில் பட்டன் உள்ளே போய், சந்தனம் அதைச் சுற்றி இறுகி, வெளியே வரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருப்பது போல.

“அழிச்சுட்டு எடு” என்றேன்.

அவள் கை பட்டன் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

“பொட்டு அத்தே.”

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. காரியத்தன்று கூடத்தில் உட்காரவைத்து, ஈரத்துணியால் அவள் நெற்றியைத் துடைத்தார்கள். ஒரே துடைப்பில் போகவில்லை, ஸ்டிக்கர் வைக்கிறவள் இல்லை அவள், குங்குமம்தான். மறுபடியும் துடைத்தார்கள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் துடைத்தார்கள். அன்றைக்கு அதைப் பார்த்தபோதும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை.

நான் பின்கதவைத் திறந்து இறங்கினேன். முன்பக்கம் வந்து கதவைத் திறந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “கைய எடு” என்றேன். முந்தானை நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, அந்தப் பொட்டைத் துடைத்தேன். மேல் குங்குமம் போனது. சந்தனம் போகவில்லை. புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, பட்டனைச் சுற்றி மெல்லச் சுரண்டினேன். மஞ்சள் மஞ்சளாக மடியில் உதிர்ந்தது. பொறுமையாகச் சுரண்டினேன். எனக்கு அவசரம் இல்லை. பின்னாலிருந்த வண்டிக்காரன் ஹாரன் அடித்தான்.

“யோவ், கெழவி வண்டிக்குள்ள கோலம் போடுதுய்யா” என்று யாரோ சொன்னார்கள்.

டக்கென்று பட்டன் வெளியே வந்தது.

“கூப்புடு அவன” என்றேன்.

சூப்பர்வைசர் வர மனமில்லாமல் வந்தான். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். வெளிச்சம் வந்தது. அணையும் என்று அவன் காத்திருந்தான். நாங்களும் காத்திருந்தோம். மைதானத்தின் படம் வந்தது, அதில் எங்கள் வண்டி நீலப் புள்ளியாக நின்றது. அணையவில்லை. சாவியை அணைத்து மறுபடி போட்டான், வந்தது, நின்றது. இன்னொரு முறையும் போட்டுப் பார்த்தான்.

“என்னாம்மா பண்ணுனீங்க இப்ப?”

“பொட்டு ஒட்டிக்கினு இருந்தது. எடுத்துட்டேன்.”

“பொட்டா? கம்ப்யூட்டருக்கா?”

“உங்க வண்டிக்கு வெக்கமாட்டீங்களா? அதுக்கு வெச்சா இதுக்கும்தான் வெப்போம்.”

அவன் என் மடியில் கிடந்த சந்தனத்தூளைப் பார்த்தான். சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பை மாற்றிக்கொண்டு மருமகளிடம், “நாளைக்குக் காலையில முதல் ஷிப்டு. தடா பக்கம் ரூம் பாத்துக்கோங்க, காணிப்பாக்கத்துல இருந்து தினம் வர முடியாது” என்றான்.

அதை நாங்கள் இருவரும் யோசிக்கவே இல்லை. வண்டி விற்காமல் நின்றுவிட்டால் அவள் என்னோடு இருப்பாள் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன் போலிருக்கிறது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “பாத்துக்கறோம்னு சொல்லு” என்றேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு பை கட்டினாள். ஒரு பானையும் ஒரு ஸ்டவ்வும் எடுத்துக்கொண்டாள். குவைத் போர்வையை நான் கொடுத்தேன், வேண்டாம் என்றாள், பின்சீட்டில் வைத்துவிட்டேன். இருட்டுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி அண்ணன் ஆளோடு வந்தான். வாசலைப் பார்த்தான்.

“வண்டி எங்க அத்தே?”

“வேலைக்குப் போயிக்கிது.”

“தங்கச்சி?”

“அவதான் ஓட்டிக்கினு போனா.”

வந்த ஆளைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள்.

ஆயுத பூஜைக்கு மருமகள் வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் குரல் பெரிதாகியிருந்தது. வண்டியைக் கழுவி நிறுத்தினோம். பூக்காரி சந்தனக் கிண்ணத்தோடு வேலியைத் தாண்டி வந்தாள். மருமகள் அவள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, பானட்டில் ஒன்றும் ஸ்டியரிங்கில் ஒன்றும் அவளே வைத்தாள். திரைக்கு வைக்கவில்லை. பூக்காரி வாயைத் திறந்தாள். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். தெருவில் யாராவது ஏதாவது பேசியிருப்பார்கள். பேசட்டும்.

“நீங்க சாவி போடுங்க அத்தே” என்றாள் மருமகள்.

நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். வெளிச்சம் தானாக வந்தது. அணைகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். பட்டன் பக்கம் என் விரல் மடங்கியபடியே போனது. தட்டத் தேவையில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு சாவியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் பொங்கல் இருந்ததால் உள்ளே போனேன்.